ஆங்கில வகுப்பில் இணையக் குடிமைப் பண்பு: தனிப் பாடமா, மொழிப் பாடத்திலேயே வருமா?

கரும்பலகை | திங்கள், இரவு 9.10

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சென்ற வாரம் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. உங்களிடம் கேட்டால் வழி கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

“கைபேசியிலோ இணையத்திலோ படித்த ஒரு செய்தியை ஆங்கிலத்தில் எட்டு வரியில் எழுதி வகுப்புக் குழுவில் போடுங்கள்” என்று வேலை கொடுத்திருந்தேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையாவது படிக்கட்டும் என்பதுதான் எண்ணம். ஒரு மாணவி, வீட்டுக் குழுவில் வந்த தமிழ்ச் செய்தி ஒன்றை எடுத்து எழுதினாள். ஒரு குழந்தை காணாமல் போய்விட்டதாம், பார்த்தவர்கள் உடனே இந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டுமாம். கூடவே குழந்தையின் படம். ‘ஏ சைல்ட் ஹாஸ் கான் மிஸ்ஸிங்’ என்று தொடங்கி நன்றாகவே எழுதியிருந்தாள். ‘ஏ’ வர வேண்டிய இரண்டு இடத்தில் ‘தி’ போட்டிருந்தாள். அதைத் திருத்தி ‘வெரி குட்’ என்று பதில் போட்டேன்.

மறுநாளுக்குள் பாதி வகுப்பு அதை வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டது. டீச்சரே ‘வெரி குட்’ போட்டிருக்கிறாரே, உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மாணவனின் அண்ணன் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. செய்தி ஆறு வருடம் பழையது. குழந்தை அந்த வாரமே வீடு திரும்பிவிட்டது. படம் மட்டும் இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

கட்டுரையில் இரண்டு பிழையைத் திருத்தினேன். “இது எங்கிருந்து வந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் இருந்த குழந்தை, இப்போது வளர்ந்திருக்கும், தன் முகத்தை இப்படி எங்கோ பார்க்க நேர்ந்தால் என்ன நினைக்கும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வதை டிஜிட்டல் குடியுரிமை என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். தனியாக ஒரு வகுப்பு வைத்து நடத்துகிறீர்களா? எனக்கு ஒரு பீரியட் நாற்பது நிமிடம். பாடத்திட்டமே முடிவதில்லை. மொழிப் பாடத்தோடு சேர்த்துச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

கணினி லேப் | திங்கள், இரவு 9.48

டீச்சர், நடந்ததற்கு வருத்தம். ஆனால் இது கணினி ஆசிரியர் எடுக்க வேண்டிய பாடம் என்பது என் கருத்து. அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள் 2007இல் தன் சகாவோடு எழுதிய நூலில் டிஜிட்டல் குடிமைக்கு 9 கூறுகள் சொன்னார். அணுகல், வணிகம், தகவல் தொடர்பு, எழுத்தறிவு, நடத்தை முறை, சட்டம், உரிமையும் பொறுப்பும், உடல்மன நலம், பாதுகாப்பு. இதில் கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, மோசடி இணைப்பு, தனியுரிமை அமைப்பு எல்லாம் தொழில்நுட்பம் தெரிந்தவர் செய்துகாட்ட வேண்டியவை. மொழி ஆசிரியர் மீது இன்னொரு சுமையை ஏற்றினால் இரண்டும் அரைகுறையாகும்.

சொல்வெட்டு | செவ்வாய், காலை 6.30

கணினி லேப் சார் சொன்ன ஒன்பதில் பாதுகாப்பை அவரிடமே விட்டுவிடலாம், மறுப்பில்லை. ஆனால் கரும்பலகை டீச்சர் சொன்ன நிகழ்வில் தவறு நடந்தது மொழியில். அவர் எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

தமிழில் வந்த செய்தி: காணாமல் போய்விட்ட*தாம்*. சொல்ல வேண்டு*மாம்*. மாணவி எழுதிய ஆங்கிலம்: ‘ஏ சைல்ட் ஹாஸ் கான் மிஸ்ஸிங்’. நடுவில் அந்த ‘ஆம்’ காணாமல் போய்விட்டது. “நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன்” என்பதைத் தமிழ் ஒரே அசையில் வினையோடு ஒட்டிச் சொல்லிவிடுகிறது. பாட்டி கதை சொல்லும்போது “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்” என்பதில் தொடங்கிப் பக்கத்து வீட்டுச் செய்தி வரைக்கும் நம் பிள்ளைகள் அதை மூச்சுவிடுவது போலப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில வினையில் அப்படி ஒட்ட ஒன்றும் கிடையாது. தனியாகச் சொல் தேட வேண்டும்: ‘ரிபோர்ட்டட்லி’, ‘அப்பேரன்ட்லி’, ‘இஸ் செட் டு’, ‘அக்கார்டிங் டு’. அந்தச் சொல் பிள்ளையிடம் இல்லாதபோது கேள்விப்பட்டது நேரே நடந்ததாகிவிடுகிறது. அவள் பொய் சொல்லவில்லை. அவளிடம் இருந்த ஆங்கிலத்தில் வதந்திக்கும் உண்மைக்கும் ஒரே வடிவம்தான் இருந்தது.

இதைக் கணினி ஆசிரியர் கற்றுத்தர முடியாது. நாம்தான் தர வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். ‘ஆம்’ சொன்னால் தமிழில் யார் சொன்னார் என்று சொல்லத் தேவையில்லை. ‘அக்கார்டிங் டு’ என்று எழுதிவிட்டால் அடுத்து ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது. அங்கே பிள்ளை பேனாவை நிறுத்துவாள். யார் பெயரை எழுதுவது? அத்தை அனுப்பினார். அத்தைக்கு யார் அனுப்பினார்கள்? ஆதாரம் தேடும் பழக்கம் இலக்கணத்திலேயே பிறக்கிற இடம் அது.

ஒருவர் சொன்னதை நம் வாக்கியத்தில் எடுத்துச் சொல்லும் ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. ‘செட்’ போடு, காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு, ‘டுடே’யை ‘தட் டே’ ஆக்கு என்று இயந்திரம் போல நடத்திவிட்டுப் போகிறோம். அந்த இரண்டு வாரத்தை இதற்குக் கொடுங்கள். ‘செட்’, ‘கிளெய்ம்ட்’, ‘கன்ஃபர்ம்ட்’, ‘அட்மிட்டெட்’, ‘டினைட்’ ஐந்தையும் பலகையில் எழுதி, ஒரே செய்தியை ஐந்து வினையாலும் சொல்லச் சொல்லுங்கள். ‘கிளெய்ம்ட்’ என்றால் எழுதியவர் தள்ளி நின்று பேசுகிறார். ‘கன்ஃபர்ம்ட்’ என்றால் பொறுப்பைப் பாதி தானும் ஏற்கிறார். ‘அட்மிட்டெட்’ என்றால் குற்றம் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. ஒரு வினைச்சொல்லால் ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கிவிட முடியும் என்று பிள்ளைகள் பார்க்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கு அது பலமுறை நடந்திருக்கிறது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘குடியுரிமை’ என்று மொழிபெயர்த்தால் உரிமை மட்டும்தான் காதில் விழுகிறது. ‘குடிமை’ என்றால் சேர்ந்து வாழ்கிற பொறுப்பும் வருகிறது. தலைப்பில் ‘குடிமைப் பண்பு’ என்று போட்டிருப்பது எனக்குப் பிடித்தது.

தொடக்கநிலை டீச்சர் | செவ்வாய், காலை 7.15

‘ஆம்’ பற்றி இப்படி யோசித்ததே இல்லை. நான் ஐந்தாம் வகுப்புக்கு எடுக்கிறேன். ‘அக்கார்டிங் டு’ அவர்களுக்குக் கனம். ‘ஐ சா’, ‘ஐ ஹேர்ட்’, ‘ஐ திங்க்’ மூன்றையும் மூன்று வண்ண அட்டையில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றைத் தூக்கச் சொல்லலாம் போலிருக்கிறது. இன்றே செய்கிறேன்.

நூலகத்து மேசை | செவ்வாய், மதியம் 1.20

பள்ளி நூலகராக இருபது வருடம் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மொழியைச் சரியாக்கினால் பாதிதான் ஆனது. ‘அக்கார்டிங் டு’வுக்குப் பின்னால் வரும் பெயர் நம்பத்தக்கதா என்று பார்க்கிற வேலை மிச்சம் இருக்கிறது. அங்கேதான் நாங்கள் பல வருடம் தவறாகக் கற்றுக்கொடுத்தோம். எங்கள் தலைமுறை நூலகர்கள் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருந்தது. அதில் பெரிதாகப் பரவியது கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004இல் உருவானது: புதியதா, பொருத்தமா, யார் எழுதியது, துல்லியமா, நோக்கம் என்ன. பிள்ளை அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை பார்த்து டிக் போடும். தேதி இருக்கிறது, டிக். ‘எங்களைப் பற்றி’ இருக்கிறது, டிக். எழுத்துப்பிழை இல்லை, டிக். ஏமாற்ற நினைப்பவனும் அதே பட்டியலைப் பார்த்துத்தானே பக்கத்தைக் கட்டுவான்.

பசிபிக் வடமேற்கு மர ஆக்டோபஸ் என்று ஒரு பக்கம் 1998இலிருந்து இணையத்தில் இருக்கிறது. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்று படமும் விளக்கமுமாக இருக்கும். முழுக் கற்பனை. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 25 ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அதைக் காட்டியபோது ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

பெரியவர்களும் தப்பவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர்: 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றது 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபட்டுப் பிரிந்த சிறிய குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். மாணவர்களும், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற அறிஞர்கள் சிலரும்கூட, பக்கத்தின் அழகையும் சின்னத்தையும் முகவரியையும் பார்த்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் செய்தது வேறு. பக்கத்தைக் கொஞ்சம் பார்த்ததுமே விட்டு வெளியே வந்து, புதிய தாவல்களைத் திறந்து, “இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று அதற்குப் பெயர். உள்ளே ஆழமாகப் படிப்பதற்கு முன் வெளியே விசாரிப்பது. பெண் பார்க்கப் போகுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அதே அறிவுதான்.

இணைய எழுத்தறிவு ஆய்வாளர் மைக் கால்ஃபீல்ட் அதை நான்கு படியாகச் சுருக்கினார்: நில், மூலத்தை விசாரி, மேலான செய்தியைத் தேடு, கூற்று கிளம்பிய இடத்துக்குப் போ. கரும்பலகை டீச்சர் வகுப்பில் அந்த அண்ணன் செய்தது நான்காவது படி. படத்தை வைத்துப் படத்தைத் தேடும் வசதி இருக்கிறது, அதை ஒரு முறை காட்டினால் போதும். பிள்ளைகள் விட மாட்டார்கள்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. பத்துத் தேடல் முடிவுகளைக் கண்ணால் துழாவி எது உதவும் என்று பிடிப்பது தாய்மொழியிலேயே பழக்கம் வேண்டிய வேலை. இரண்டாம் மொழியில் பிள்ளை முதல் முடிவைத் தொட்டுவிட்டு அங்கேயே தங்கிவிடும். அதனால் ஒரு விதியைத் தளர்த்துங்கள்: மூலத்தை விசாரிப்பதைத் தமிழில் செய்யட்டும், கண்டதை ஆங்கிலத்தில் எழுதட்டும். “ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்” என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும்.

கணினி லேப் | செவ்வாய், மாலை 5.05

பக்கவாட்டு வாசிப்பு நல்ல முறை, ஏற்கிறேன். ஆனால் டாட் ஆர்க் என்று முடிந்தால் நல்ல அமைப்பு என்று இன்றும் பல ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிவு செய்யலாம். இது போன்றவற்றுக்காகத்தான் எங்களோடு சேர்ந்து செய்யுங்கள் என்கிறேன்.

சொல்வெட்டு | செவ்வாய், மாலை 5.20

சேர்ந்து செய்வதில் எனக்கு முழுச் சம்மதம் சார். “உங்கள் வேலை இல்லை” என்பதைத்தான் மறுத்தேன்.

இரவுப் பாடசாலை | செவ்வாய், இரவு 10.30

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இரவில் ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பறையில் இணையம் இல்லை. பலரிடம் பட்டன் போன். இங்கே எல்லோரும் தாவல் திறப்பது பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு என்ன வழி?

நான் செய்வதைச் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு செய்தியையும், அதை எழுதிய தளத்தைப் பற்றிய தேடல் முடிவுப் பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் முடிவுப் பக்கத்தை மட்டும் கொடுத்து, “எதை முதலில் திறப்பீர்கள், ஏன்?” என்று கேட்கிறேன். ‘பிகாஸ்’ வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் செய்தியைக் கொடுப்பேன். விளம்பரம் என்று பொடி எழுத்தில் இருப்பதை முதல் நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். கருவி இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை. நாளைக்கு ஒரு ஸ்மார்ட்போன் கைக்கு வந்த முதல் வாரத்தில்தான் ஏமாற்றப்படுவார்கள்.

நூலகத்து மேசை | செவ்வாய், இரவு 10.52

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கணினி வைத்துக்கொண்டு செய்வதைவிட நன்றாக இருக்கிறது, ஏனென்றால் தாளில் அவசரமாகத் தொட முடியாது. நிற்க வேண்டும்.

கரும்பலகை | புதன், இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்த மாணவியிடம் தனியாகப் பேசி, தவறு என்னுடையது என்று சொன்னேன். நிம்மதியானாள்.

இன்னொரு கேள்வி. என் பிள்ளைகள் படிக்கிற அளவுக்கு எளிய ஆங்கிலத்தில், நம்பத்தக்க இணையப் பக்கங்கள் எவை? தேடினால் வருவதெல்லாம் ஒன்று குழந்தைப் பாட்டு, இல்லாவிட்டால் நாளிதழின் கடின நடை. கிடைத்ததை நகலெடுத்து வகுப்பில் கொடுக்கலாமா என்பதும் தெரியவில்லை.

பாட எழுத்தர் | புதன், இரவு 9.35

பயிற்சித்தாள் எழுதுவது என் தொழில், இரண்டுக்கும் சொல்கிறேன்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் கற்பவர்களுக்கென்று தனி ஒலிபரப்பு தொடங்கியது. சுமார் 1500 சொற்களுக்குள், சின்ன வாக்கியங்களில், நிதானமான வேகத்தில். அதன் பழைய தொகுப்பு கேட்கவும் படிக்கவும் ஒரு களஞ்சியம். அமெரிக்க அரசு நிறுவனம் என்பதால் அது தானே தயாரித்தவை பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே பக்கத்தில் செய்தி நிறுவனங்களிடம் வாங்கிய படமும் செய்தியும் இருக்கும், அவை பொதுவுடைமை அல்ல. படத்துக்குக் கீழே உள்ள பெயரைப் பாருங்கள். அரசு நடத்துகிற ஒலிபரப்பு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். எளிய ஆங்கில விக்கிப்பீடியா இன்னொன்று. ஒரே தலைப்பை அதிலும், முழு ஆங்கில விக்கிப்பீடியாவிலும், தமிழ் விக்கிப்பீடியாவிலும் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை விட்டிருக்கிறார்கள், எதற்குச் சான்று இருக்கிறது என்று ஒப்பிடுவதே ஒரு வாரப் பாடம்.

நகலெடுப்பது பற்றி: கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001இல் தொடங்கி, 2002இல் முதல் உரிமங்களை வெளியிட்டது. என் படைப்பை இன்ன நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி அது. இப்போது முக்கிய உரிமங்கள் 6. அவற்றை நான்கு நிபந்தனைகளால் புரிந்துகொள்ளலாம். பெயரைச் சொல், விற்காதே, மாற்றாதே, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர். ஆசிரியர்கள் தடுக்கி விழுவது ‘மாற்றாதே’யில். கடினச் சொல்லை எளிதாக்கி, பத்தியைச் சுருக்கிப் பயிற்சித்தாளாகப் பகிர்வது மாற்றம்தான். இந்த நிபந்தனை உள்ளதை அப்படியே கொடுக்கலாம், சுருக்கிப் பகிரக் கூடாது.

மனம் வருந்திச் சொல்கிறேன், ஆசிரியர்கள் நாம் பெயர் அழித்து நகலெடுத்த தாளைக் கொடுத்துவிட்டு, மாணவன் ஒரு பத்தியை எடுத்துப் போட்டால் திருட்டு என்கிறோம். தாளின் அடியில் எழுதியவர் பெயர், தலைப்பு, தளம், உரிமம் நான்கையும் ஒரு வரியில் போடுங்கள். ஒரு வருடம் அதைப் பார்க்கிற பிள்ளை தானும் அப்படியே எழுதும்.

ஒரு தாய் | வியாழன், காலை 10.05

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் எழுதிய ஆங்கிலக் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று பள்ளியின் பொதுப் பக்கத்தில் போட்டார்கள். முழுப் பெயர், வகுப்பு, சீருடைப் படம் எல்லாம். கட்டுரையின் தலைப்பு ‘மை டெய்லி ரொட்டீன்’. எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எந்த வழியாக நடக்கிறாள், எப்போது வீட்டில் தனியாக இருப்பாள் எல்லாம் அதில் இருக்கிறது. எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். நீங்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

கணினி லேப் | வியாழன், காலை 10.40

நீங்கள் எழுதியது மிக முக்கியம் அம்மா. 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் விவரங்களை இணைய நிறுவனங்கள் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அமெரிக்கா 1998இலேயே சட்டம் செய்தது. ஐரோப்பியப் பொதுத் தரவுச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த வயதை 16 என்று வைத்து, நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்றது. நிறுவனத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், பள்ளி கேட்காமல் போடுவது சரியில்லை. இன்னொன்று: கைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கலாம். கோப்பாகவே அனுப்பினால் அதுவும் கூடவே போகும். கேமராவின் இடக்குறிப்பை அணைத்து வைப்பது நல்லது.

கரும்பலகை | வியாழன், இரவு 9.00

‘மை டெய்லி ரொட்டீன்’, ‘மை ஃபேமிலி’, ‘மை ஹவுஸ்’, ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’. நாம் கொடுக்கிற தலைப்பு எல்லாமே வீட்டு விவரம் கேட்கிற தலைப்புகள். அந்தத் தாய் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. நோட்டில் எழுதுவது வேறு, இணையத்தில் போடுவது வேறு என்று நான் பிரித்ததே இல்லை. ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ பற்றி எழுதினால் அந்தத் தோழியின் ஒப்புதலும் வேண்டுமே.

தொடக்கநிலை டீச்சர் | வியாழன், இரவு 9.25

நான் கற்பனை மனிதரின் அன்றாடத்தை எழுதச் சொல்லிவிடுகிறேன். நிலாவில் வசிக்கும் ஒரு தபால்காரர் காலையில் என்ன செய்வார்? அதே சிம்பிள் பிரசென்ட், எந்த விவரமும் கசியாது. பிள்ளைகள் இன்னும் நன்றாக எழுதுகிறார்கள்.

கல்லூரி முதலாண்டு | வெள்ளி, இரவு 11.15

செயற்கை நுண்ணறிவு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் தொடங்குகிறேன். எனக்கு அது ஒரு காயம்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வந்தது. அடுத்த பருவத்தில் ஒரு மாணவனின் கட்டுரை சந்தேகமாக இருந்தது. கண்டறியும் கருவி ஒன்றில் போட்டேன், இயந்திரம் எழுதியது என்றது. பூஜ்யம் போட்டேன். அவன் என் முன்னால் உட்கார்ந்து அதே தரத்தில் இன்னொரு கட்டுரை எழுதிக் காட்டினான். கண் கலங்கியிருந்தது. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அந்த வருடம் முழுக்க அவன் வகுப்பில் கை தூக்கவில்லை.

பிறகுதான் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியது என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறைய சரியாகவே கணித்தன. காரணம் புரிந்துகொள்ள எளிதானது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்று சந்தேகிப்பது அந்தக் கருவிகளின் வழி. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தெரிந்த சொல்லை, பழகிய வாக்கியத்தைத்தான் எழுதுவார். நாம்தானே அப்படி எழுதப் பழக்கினோம்! அவன் என்னிடம் கற்றதைச் சரியாக எழுதியதற்காகத் தண்டித்திருக்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

இப்போது கருவியில் போடுவதில்லை. முதல் வரைவைக் கையால், வகுப்பில். இரண்டாவது வரைவுக்கு எதன் உதவியும் பெறலாம், ஆனால் எதைக் கேட்டாய், எது தந்தது, எதை ஏற்றாய், எதை மறுத்தாய் என்று ஐந்து வரி சேர்க்க வேண்டும். ‘எதை மறுத்தாய்’ என்ற வரியில்தான் மாணவர் தெரிகிறார். ஒரு பெண் எழுதினாள்: “அது என் பாட்டியை ‘வைஸ் ஓல்ட் உமன்’ என்றது. என் பாட்டி அப்படி இல்லை, கோபக்காரி. அதனால் எடுத்துவிட்டேன்.” அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றும் வேண்டியிருக்கவில்லை.

நூலகத்து மேசை | சனி, காலை 8.10

உங்கள் பதிவைப் படித்து வெகுநேரம் சும்மா இருந்தேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த இயந்திரங்கள் இல்லாத நூலுக்கும் இல்லாத கட்டுரைக்கும் பெயர், வருடம், பக்க எண் கொடுத்துவிடும். மாணவர் சான்று தந்தால் அது உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காதபோது அவர்கள் முகத்தில் வரும் அதிர்ச்சி பத்து அறிவுரைக்குச் சமம்.

சொல்வெட்டு | சனி, மாலை 4.45

பின்னூட்ட மொழி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கருத்து எழுதினால் ‘யூ ஆர் ராங்’, ‘கிவ் மீ தி லிங்க்’ என்று வரும். படிப்பவருக்கு முகத்தில் அடித்தது போல இருக்கும். பிள்ளை மரியாதை தெரியாதது அல்ல. தமிழில் “அனுப்புங்களேன்”, “இப்படியும் இருக்கலாமே” என்று விகுதியிலேயே மரியாதையும் மென்மையும் வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் ஒரே ‘யூ’. மரியாதையை ‘குட் யூ ப்ளீஸ்’, ‘ஐ வண்டர் இஃப்’, ‘மைட்’ என்று வாக்கியத்தின் மற்ற இடங்களில் தூவ வேண்டும். இதுவும் ‘ஆம்’ கதைதான், விகுதியில் இருந்தது வழியில் விழுந்துவிடுகிறது. மொழித்திறனை நிலைநிலையாக அளக்கும் ஐரோப்பிய மொழித்தர வரையறை 2001இல் வந்தது. 2020இல் வந்த அதன் துணைத்தொகுதியில் இணைய உரையாடலுக்கும் இணையத்தில் சேர்ந்து வேலை செய்வதற்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. “இது மொழிப் பாடமா?” என்று கேட்கும் தலைமையாசிரியரிடம் அதைக் காட்டலாம்.

கரும்பலகை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

செய்ததைச் சொல்ல வந்தேன்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்கான பீரியடுகளை அப்படியே இதற்கு எடுத்துக்கொண்டேன். முதல் நாள் வீட்டுக் குழுக்களில் வந்த ‘ஆம்’ வாக்கியங்களை மட்டும் எழுதிவரச் சொன்னேன், யார் பெயரும் இல்லாமல். எழுபதுக்கும் மேல் வந்தன. பலகையில் எழுதி ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கினோம். ‘அக்கார்டிங் டு’ எழுதிவிட்டு அடுத்த சொல் தெரியாமல் நின்றார்கள், சொல்வெட்டு சார் சொன்னது போலவே. “டீச்சர், யாருன்னே தெரியலையே, என்ன எழுதறது?” என்று ஒருவன் கேட்டான். தெரியவில்லை என்றே எழுது என்றேன். அப்படியும் எழுதலாமா என்று ஆச்சரியப்பட்டான்.

கணினி ஆசிரியர் ஒரு பீரியட் வந்து படத்தைத் தேடும் முறையைக் காட்டினார். கணினி லேப் சார், நீங்கள் சொன்னது சரி, சேர்ந்து செய்தால் தனிப் பலம். ஆனால் நேரம் கைவிட்டது. பின்னூட்ட மொழிக்கும் உரிமங்களுக்கும் நான் இன்னும் போகவே இல்லை. பாடத்தில் இரண்டு அலகு பின்தங்கியிருக்கிறேன்.

அந்த மாணவி பழைய எட்டு வரியைத் தானே திருத்தி எழுதி வந்தாள். படம் இல்லை, எண் இல்லை. கடைசி வரியை அவள் எழுதியபடியே போடுகிறேன்: ‘மை ஆன்ட் ஃபார்வர்டட் இட். ஐ குட் நாட் ஃபைண்ட் ஹூ ரோட் இட் ஃபர்ஸ்ட். தி சைல்ட் இஸ் அட் ஹோம்.’

இந்த முறை ‘வெரி குட்’ போடுவதற்கு முன், “வீட்டில் இருப்பது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அன்றைய செய்தியின் அச்சுப்படி, மேலே தளத்தின் பெயரும் தேதியும், அடியில் பேனாவால் கோடு.